மறு: புயற்கடவுள் – இந்தச் சொல் பொருந்துமா?

எல்லோருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில், storm god என்பதற்குப் 'புயற்கடவுள்' பொருந்துமா என்று ஐயா கேட்டிருந்ததைப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயம்தான். வட ஐரோப்பியரின் தோர், கிரேக்கரின் சீயுஸ், பழைய மேற்காசியாவின் ஹுர்ரியரின் தெஷுப், பாபிலோனியரின் அதாத், நம் இந்திரன் என்று இடியும் மழையும் கையில் வைத்திருப்பவர்களை ஒரே வகையாகப் பேச ஒரு சொல் வேண்டும். ஆனால் நான் இப்போது வேத இந்திரனையும் பௌத்த இந்திரனையும் ஒப்பிடும் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், இந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தால் மூன்றாவது பத்தியிலேயே இடறுகிறது.

முதல் தடங்கல் 'புயல்'. பழைய பொருளில் அருமையான சொல்தான், "ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்" என்னும் குறளில் புயல் என்றால் மழை, வேறொன்றும் இல்லை. அந்தப் பொருளே இன்றும் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இன்று புயல் என்றால் பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, எங்கே கரையைக் கடக்கும் என்று இரவெல்லாம் டிவி முன்னால் உட்கார வைக்கும் ஒன்று. இந்திரன் செய்வது அதுவல்லவே. ரிக் வேதம் 1.32-ஐ (முதல் மண்டலம், 32-ஆம் பாடல்) எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் கிடக்கும் விருத்திரன் என்ற பாம்பு தண்ணீரை அடைத்து வைத்திருக்கிறது, தேவதச்சன் துவஷ்டா செய்துகொடுத்த வச்சிர ஆயுதத்தால் இந்திரன் அதை அடித்துக் கொல்கிறான், அடைபட்டிருந்த தண்ணீர் கத்திக்கொண்டு ஓடும் பசுக்களைப் போலக் கடலை நோக்கிப் பாய்கிறது. அந்தத் தண்ணீர் மழையா, மலையிலிருந்து இறங்கும் ஆறுகளா என்று ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் சண்டை வேறு உண்டு. எப்படிப் பார்த்தாலும் மடை திறந்தவன் அவன். கூரையைப் பிய்த்துப் போடுகிறவன் இல்லை.

காற்று வேலையை வேதம் வேறு ஆட்களிடம் கொடுத்திருக்கிறது. மருத்துக்கள் ருத்திரனின் பிள்ளைகள், ஈட்டியும் பொன் நகையுமாகப் புள்ளி மான் பூட்டிய தேரில் கூட்டமாக வருவார்கள், மலை நடுங்கும், காடு குனியும். வாதன் இன்னொருவன்: சத்தம் கேட்கிறது, உருவம் தெரியவில்லை என்கிறது 10.168. மழைக்கென்றே பர்ஜன்யன் இருக்கிறான். அவனுக்கு ரிக்கில் மூன்றே பாடல்கள், அதில் 5.83 அவனை உறுமும் காளை என்கிறது. இங்கே நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். நாமும் இடியை இடியேறு, உருமேறு என்றுதானே சொல்லியிருக்கிறோம்? ஏறு என்றால் காளை. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற பேச்சுக்கு நான் வரவில்லை, இடிச் சத்தத்தைக் கேட்ட எவருக்கும் காளை நினைவுக்கு வரலாம்.

இரண்டாவது தடங்கல் பௌத்தப் பக்கம், எனக்கு அதுதான் பெரியது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இந்திரன் பெயர் சக்கன். புத்தரின் உரைகளைத் திரட்டிய சம்யுத்த நிகாயத்தில் அவனுக்கென்று ஒரு தொகுதியே இருக்கிறது. அதில் ஒரு சுத்தம் (சூத்திரம் என்பதன் பாலி வடிவம், ஓர் உரை) அவன் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கம் சொல்கிறது. வேதத்தில் அவன் புரந்தரன், கோட்டைகளை உடைப்பவன். பாலியில் அது புரிந்ததன் ஆகிவிட்டது: முன் பிறவியில் தானம் கொடுத்தவனாம்! ஆயிரம் கண்ணன் என்பதற்கு, ஒரு நொடியில் ஆயிரம் விஷயங்களை யோசிப்பவன் என்று பொருள். வாசவன் என்றால் தங்க இடம் கொடுத்தவன். நம்மைப் போலவே அங்கேயும் ஒரு கலைச்சொல் குழு உட்கார்ந்திருக்கும் போல. சொல்லை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருந்த ஆயுதத்தை மட்டும் உருவிவிட்டார்கள்.

கதையும் அதே திசையில்தான் போகிறது. அசுரர்களிடம் தோற்றுத் தேரில் ஓடி வருகிறான், வழியில் இலவமரக் காட்டில் பறவைக் கூடுகள். தேர்க்கால் பட்டு அவை சிதையும் என்று தெரிந்ததும் தேரோட்டி மாதலியிடம், என் உயிர் அசுரர் கையில் போனாலும் பரவாயில்லை, தேரைத் திருப்பு என்கிறான். திரும்பி வருகிறானே, புதுப்படை சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று பயந்து அசுரர்கள் ஓடிவிடுகிறார்கள். வச்சிரம் எங்கேயும் வெளியே வரவில்லை.

அப்படியானால் மழையை யார் பார்த்துக்கொள்வது? பஜ்ஜுன்னன், அதாவது நம் பர்ஜன்யன்தான். புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான மச்ச ஜாதகத்தில் குளம் வற்றுகிறது, சேற்றில் புதைந்த மீன்களைக் காக்கைகள் கொத்தி எடுக்கின்றன. மீனாகப் பிறந்த போதிசத்துவர் (பின்னால் புத்தர் ஆகப்போகிறவர்) சேற்றை விலக்கி மேலே வந்து, 'பஜ்ஜுன்னா, இடி முழக்கு, காக்கையின் புதையலை அழி' என்று அதட்டுகிறார். அந்த ஜாதகத்தின் முன்கதையில் சக்கனும் வருகிறான், எப்படி என்றால், தன் இருக்கை சூடாகிறது, காரணம் அறிகிறான், மழை மேகத் தேவனைக் கூப்பிட்டுப் பெய்யச் சொல்கிறான். உத்தரவு போடும் மேலதிகாரி.

மணிமேகலை படித்தவர்களுக்கு இந்த இருக்கை தெரியும், பாண்டு கம்பளம். அங்கே, அள்ளக் குறையாத அமுதசுரபியால் பசித்தவருக்குச் சோறிடும் ஆபுத்திரனின் அறத்தால் அது அசைகிறது. கிழவன் வேடத்தில் வந்து வரம் தருகிறேன் என்றவனை ஆபுத்திரன் சிரித்து அனுப்பிவிட, கோபத்தில் இந்திரன் என்ன செய்கிறான் தெரியுமா? பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் கண்ட பாண்டி நாட்டில் மழையைக் கொட்டவைக்கிறான்! பசித்தவரே இல்லாமல் போனால் பிறகு அமுதசுரபியை வைத்துக்கொண்டு ஆபுத்திரன் என்ன செய்வான்? பஞ்சம் தீர்க்கும் மழையே பழிவாங்கும் கருவியாக வருவதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இனி 'கடவுள்'. சக்கன் என்பது பதவி. இப்போது அதில் இருப்பவன், இதற்கு முன் மகத நாட்டுக் கிராமம் ஒன்றில் மகன் என்ற பெயரில் வாழ்ந்து (புதல்வன் இல்லை, இந்திரனின் மகவன் என்ற பட்டப்பெயருக்குப் பௌத்தர்கள் சொல்லும் காரணம் இந்தப் பெயர்தான்), ரோடு செப்பனிட்டு, சத்திரம் கட்டி, அந்தப் புண்ணியத்தில் மேலே போனவன். புண்ணியம் தீர்ந்தால் இறங்க வேண்டியதுதான். அவனைக் கடவுள் என்றால் பௌத்தம் படிப்பவர்கள் அடிக்க வருவார்கள். தெய்வம் என்பது இளகிய சொல், மணிமேகலா தெய்வம் என்று அதே காப்பியத்திலேயே இருக்கிறது.

ஆக என் முன்மொழிவு: பொதுவகைக்கு இடிமழைத் தெய்வம். மருத்துக்கள், ஜப்பானின் ஃபூஜின் போன்ற காற்று ஆட்களுக்குச் சூறைத் தெய்வம். 'பௌத்தத்தின் புயற்கடவுளான சக்கன்' என்று எழுதிப் பாருங்கள், பொய் மாதிரி இருக்கிறது. 'இடிமழைத் தெய்வமாக இருந்த இந்திரன் சக்கன் ஆனபோது இடியைக் கீழே வைத்துவிட்டான்' என்பதில் எனக்கு உறுத்தல் இல்லை.

சொல் நீளம் என்பீர்கள், தெரியும். 'உருமன்' என்று சுருக்கிப் பார்த்தேன், வீட்டில் படித்துக்காட்டியதும் யார் இந்த ஆள், பக்கத்து ஊரா என்றார்கள். எங்கள் பாட்டி இடி இடித்தால் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்பார். அப்பன் இந்திரனை விட்டுவிட்டு மகனைக் கூப்பிடுகிறார் என்று இந்தக் கட்டுரையைத் தொட்ட பிறகுதான் உறைத்தது.

வச்சிரத்துக்குத் தமிழ் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். தோரின் சுத்தியலையும் அதையும் சேர்த்துச் சொல்ல 'இடிப்படை' சரிவருமா? படை என்றால் ஆயுதம் என்பது இன்று எத்தனை பேருக்குப் புரியும் என்பதுதான் என் தயக்கம், இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.