எல்லாரும் ஓயாம வேலை செய்றாங்க, ஆனா சரக்கு லேட். எப்படி?

முதல்வருசம்_கோவை:

வணக்கம். எம்பிஏ முதல் வருசம் படிக்கிறேன். ஆபரேஷன்ஸ் பேப்பர்ல இன்டர்னல் முடிஞ்சுது, மார்க் மோசமில்ல. லிட்டில் விதி, பாட்டில்நெக், லீட் டைம், ஈஓக்யூ எதைக் கொடுத்தாலும் கணக்கு போட்டுடுவேன். ஆனா அந்தக் கணக்கு எதைப் பத்தினதுன்னு மட்டும் தெரியாது.

"ஒரு தடவை ஃபேக்டரிய நேர்ல பாரு"ன்னு சார் சொன்னார். அதனால போன வாரம் ரெண்டு நாள் திருப்பூர்ல மாமாவோட யூனிட்ல உட்கார்ந்திருந்தேன். சின்ன யூனிட்தான், 30 டெய்லர். ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு 9000 போலோ டிசர்ட் தைக்கிறாங்க. வெட்டுறது, தைக்கிறது, பேக்கிங் மூணும் இங்கயேதான். ஒரு நாளைக்கு 600 பீஸ் வரும்னு வச்சு, 15 வேலைநாள்ல தர்றதா மாமா ஒத்துக்கிட்டிருக்கார்.

நான் போனது 12வது நாள். அன்னிக்கு சாயங்காலம் நோட்டைப் பார்த்தா, கட்டிங் மாஸ்டர் 8400 வெட்டியிருக்கார், பேக்கிங்குக்கு வந்தது 5400. அதாவது நாளுக்கு 450தான் வெளிய வருது. இப்படியே போனா 20 நாள் ஆகும்.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த ரெண்டு நாளும் ஒருத்தர்கூட சும்மா உட்கார்ந்து நான் பார்க்கல. டீ குடிக்கிற பத்து நிமிசம் தவிர மெஷின் சத்தம் நிக்கவே இல்ல. பிறகு எப்படி லேட்? மாமா "ஆள் பத்தல, இன்னும் பத்து டெய்லர் வேணும்"ங்கறார். அது சரியா? நான் படிச்சதுல எதை இங்க போட்டுப் பார்க்கணும்?

ஊசிநூல்_ரிட்டையர்டு:

கண்ணு, நீ தம்பியா பாப்பாவான்னு பேரைப் பார்த்துத் தெரியல, அதனால கண்ணுன்னே கூப்பிடறேன். நான் பிசிறு வெட்டற வேலைல சேர்ந்து, டெய்லராகி, லைன் சூப்பர்வைசராகி, கடைசியா பிபிசில இருந்து ஓய்வு. பிபிசின்னா லண்டன் ரேடியோ இல்லீங்க, புரொடக்‌ஷன் பிளானிங்.

பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு சங்கதி தெரியணும். ஒண்ணு, ஒரு பீஸ் முழுசாத் தைக்க மொத்தம் எத்தனை நிமிசம்னு எக்ஸ்போர்ட்டர் ஷீட்ல போட்டிருக்கும். அது எவ்வளவு? இன்னொண்ணு, பட்டன் வர்ற முன்பட்டி, நாங்க பிளாக்கெட்னு சொல்றது. அதை எத்தனை பேர் தைக்கறாங்க? அவங்களுக்கு முன்னாடி பண்டல் எவ்வளவு உயரத்துக்குக் கிடக்குது?

முதல்வருசம்_கோவை:

ஷீட்ல 18 நிமிசம்னு இருக்கு. பட்டி தைக்கிறது மூணு பேர். ஆளுக்கு நாளைக்கு 150 பீஸ்னு, தைச்ச கணக்கை எழுதி வைக்கற அவங்க டிக்கெட்ல இருந்தது. பண்டல் ஜன்னல் வரைக்கும் கிடக்கு, காத்தே வரலன்னு அந்த அக்கா திட்டிட்டு இருந்தாங்க.

ஊசிநூல்_ரிட்டையர்டு:

அந்த அக்கா திட்டினதுலயே பதில் இருக்குது கண்ணு.

மூணு பேர், ஆளுக்கு 150. பெருக்கு. 450. உங்க மாமா ஃபேக்டரில இருந்து வெளிய வர்றதும் அதே 450தான். காஜா எத்தனை போட்டாலும், அயர்ன் எத்தனை அடிச்சாலும், கட்டிங் மாஸ்டர் மலை மாதிரி வெட்டிக் குமிச்சாலும், அந்த மூணு மெஷினைத் தாண்டித்தான் எதுவும் போயாகணும். நீங்க பாட்டில்நெக்குன்னு பரீட்சையில எழுதினது அந்த ஜன்னலோரத்து மூணு மெஷின்தான்.

இப்ப மாமா போட்ட கணக்கு எங்க தப்புன்னு பாரு. 30 பேர், ஆளுக்கு 480 நிமிசம், மொத்தம் 14400. 18-ஆல வகுத்தா 800. அவ்வளவு வராதுன்னு தெரிஞ்சுதான், முக்கால்வாசி திறமைன்னு வச்சு 600 சொல்லியிருக்கார். எல்லாரும் அப்படித்தான் சொல்றது, நானும் சொல்லியிருக்கறேன். ஆனா அது 30 பேரும் ஒரே வேலைய மாத்தி மாத்திச் செஞ்சா வர்ற கணக்கு. லைன்ல அப்படி நடக்காது.

"யாரும் சும்மா இல்லையே"ன்னு கேட்டே பாரு, அதுதான் நல்ல கேள்வி. பட்டிக்குப் பின்னாடி இருக்கற டெய்லர்க யாரும் கைய கட்டிட்டு உட்கார மாட்டாங்க, சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால வேலை வர்ற வேகத்துக்குக் கை தானா மெதுவாகும். நூல் மாத்தறது, எண்ணெய் துடைக்கறது, பண்டலை அவுத்து எண்ணிப் பார்த்து மறுபடி கட்டறது எல்லாம் அப்பத்தான் நடக்கும். பட்டிக்கு முன்னாடி இருக்கறவங்க கதை வேற. அவங்களுக்கு துணி வந்துட்டே இருக்குது, முழு மூச்சா ஓட்டறாங்க. ஓட்டி என்ன, குவியல் பெருசாகும், அவ்வளவுதான்.

லிட்டில் விதிய இப்ப போடு: உள்ள நிக்கற பீஸை, நாளைக்கு வெளிய போற பீஸால வகுத்தா, ஒரு பீஸ் உள்ள இருக்கற நாள் வரும். வெட்டியது 8400, வெளிய வந்தது 5400, நடுவுல நிக்கறது 3000. நாளைக்கு 450 போகுது. 3000-ஐ 450-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 6.7 நாள். இன்னிக்கு வெட்டின துணி டப்பாவுக்குப் போக ஏறக்குறைய ஏழு வேலைநாள் ஆகும். நிமிசமா மாத்தினா 3200. அதுல ஊசி அந்தத் துணியைத் தொடறது 18 நிமிசம். மீதி நேரம் பூரா அது ஜன்னலை மறைச்சுட்டு உட்கார்ந்திருக்குது.

ஜான் லிட்டில் 1961-ல இதை நிரூபிச்சார்னு உங்க புக்ல இருக்கும். அந்தப் பேரே தெரியாம இருபது வருசம் ஓட்டிட்டேன். தெரிஞ்சிருந்தா ஒரு ராத்திரி தப்பிச்சிருக்கும். நான் பிளானிங்ல புதுசா உட்கார்ந்தப்ப, கட்டிங்கை பத்து நாள் முன்னாடி ஓட விட்டேன். ஆள் சும்மா இருக்கக் கூடாதுன்னு எண்ணம். பேட்டர்ன்ல காலர் அரை இஞ்ச் சின்னது. முதல் பீஸ் செக்கிங்குக்கு வந்து, அங்க செக் பண்ற அம்மா டேப் வச்சுப் பார்க்கறதுக்குள்ள 4000 பீஸ் வெட்டியாச்சு. ராத்திரி பூரா மிச்சத் துணில புதுக் காலர் வெட்டினோம். அது வேற லாட் சாயம், உடம்போட ஷேடு சேரல. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, வெட்டச் சொன்னவன் நான்தான். குவியல் சின்னதா இருந்திருந்தா 500 பீஸ்ல தெரிஞ்சிருக்கும்.

மாமா கேக்கற பத்து டெய்லர் விசயம்: பத்து பேரைச் சேர்த்து பட்டியை விட்டுட்டு மத்த மெஷினுக்கெல்லாம் பிரிச்சா ஒரு பீஸ்கூட ஏறாது, சம்பளம்தான் ஏறும். பட்டிக்கு ஒரே ஒரு ஆள் போடு, 600 ஆயிரும். மீதி 3600 பீஸ், ஆறு நாள். 20 நாள் 18 ஆகும். ஆனா அதுக்கு முன்னாடி மத்த ஒவ்வொரு வேலையும் 600 தாங்குமான்னு டிக்கெட்டைப் பார்த்துக்கோ. பட்டி நகர்ந்ததும் அடுத்தது எது கழுத்தைப் பிடிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

மூணு நாள் தானேன்னு நினைக்காதே. தூத்துக்குடில இருந்து யூரோப்புக்குப் போறதுல நிறைய, சின்னக் கப்பல்ல கொழும்பு போய் அங்க பெரிய கப்பல் மாறும். ஒரு கப்பலை விட்டா அடுத்தது வர்ற வரைக்கும் கன்டெய்னர் நிக்கும். 2023 கடைசில செங்கடல்ல தாக்குதல் ஆரம்பிச்ச பிறகு நிறையக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போச்சு, பத்துப் பதினாலு நாள் கூடுதல். எக்ஸ்போர்ட்டர் கைல மிச்ச நாளே இல்லைன்னா ஏர்ல அனுப்பச் சொல்வார். அந்த பில் யார் தலைல விழும்னு உங்க மாமாவுக்கு நல்லாத் தெரியும்.

ஈஓக்யூவை இதுல இழுக்க வேண்டாம். நூல் கோன், லேபிள், பாலிபேக் ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கலாம்னு பார்க்க அது உதவும்.

மதுரை_சரக்கு:

ஐயா சொன்னது ஃபேக்டரிக்குள்ள சரி. தம்பி, குவியல்னாலே கெட்டதுன்னு மட்டும் எழுதி வச்சுக்காதீங்க. நான் சோப்பு, பேஸ்ட் டிஸ்ட்ரிபியூட்டர். எனக்கு குடோன்ல சரக்கு இல்லன்னா கடைக்காரர் அடுத்த பிராண்டை எடுத்து அடுக்கிடுவார், திரும்ப அந்த இடம் கிடைக்காது.

எங்க தலைவலி வேற. ஒரு கடை மாசம் 10 பெட்டி விக்குதுன்னு வைங்க. மாசக் கடைசில கம்பெனி ஆள் டார்கெட்டுக்காக "12 எடுத்தா 1 இலவசம்"னு ஸ்கீம் கொண்டு வருவார். கடைக்காரர் 36 எடுப்பார். நான் அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சேர்த்து ஆர்டர் போடுவேன். ஃபேக்டரில உட்கார்ந்திருக்கறவருக்கு விற்பனை ஏறுதுன்னு தோணும், கூட ஓட்டுவார். அடுத்த ரெண்டு மாசம் கடைல இருந்து ஒரு போன் வராது. ஸ்கீம் போட்டாங்கன்னு யாராவது ரெண்டு தடவை குளிக்கறாங்களா? வீட்ல சோப்பு கரையிற வேகம் அதேதான். புல்விப் எஃபெக்ட்னு உங்க புக்ல ஒரு கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுமே, அது இதுதான்.

ஊசிநூல்_ரிட்டையர்டு:

மதுரைக்காரர் சொல்றது நியாயம். நானும் குவியலே வேண்டாம்னு சொல்லல. பட்டிக்கு முன்னாடி அரை நாள் வேலை, ஒரு 250 பீஸ் எப்பவும் இருந்தே ஆகணும். அந்த மூணு மெஷின் ஒரு மணி நேரம் துணி இல்லாம நின்னா ஃபேக்டரிக்கே 56 பீஸ் போச்சு, மத்த மெஷின்ல எவ்வளவு ஓவர்டைம் ஓட்டினாலும் திரும்பாது. காஜா மெஷின் ஒரு மணி நேரம் நின்னா பரவால்ல, பிடிச்சுடலாம். மெக்கானிக்கை முதல்ல எங்க அனுப்பணும்னு இதுல இருந்தே தெரியும்.

நான் பண்ணினது, பட்டி ஆளுக பக்கத்துல அஞ்சு கூடை. ஒவ்வொண்ணுலயும் 50 பீஸ். கூடை காலியாகிக் கட்டிங்குக்குத் திரும்பி வந்தாத்தான் அடுத்த 50 வெட்டி அனுப்பணும். கூடை வரலன்னா வெட்டாதே. டொயோட்டாவுல தாய்ச்சி ஓனோ அமெரிக்க சூப்பர் மார்க்கெட் அலமாரிய வச்சு யோசிச்ச கான்பான் இதே ஜாதிதான். எனக்கு அவர் தெரியாது, பக்கத்து டீக்கடைல காலி கிளாஸ் திரும்புனா அடுத்த டீ ஊத்தறதைப் பார்த்துப் பண்ணினேன்.

ஆனா கட்டிங் மாஸ்டருக்கு பீஸ் ரேட்டா மாசச் சம்பளமான்னு கேட்டுட்டுப் போ. பீஸ் ரேட்டா இருந்தா, வெட்டாதேன்னு சொல்றது அவர் பாக்கெட்டில கை வைக்கறது.

முதல்வருசம்_கோவை:

அப்டேட். பீஸ் ரேட்டேதான். கூடை பத்திச் சொன்னதும் "உனக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடி இருந்து வெட்டிட்டிருக்கேன்"னு கத்திரிய மேசைல வச்சார். மாமா இந்த ஆர்டருக்கு மட்டும் பாக்கி 600 பீஸோட ரேட்டை இப்பவே கொடுத்துடறேன்னு சொன்ன பிறகுதான் ஒத்துக்கிட்டார். கை ஓரம் மடிச்சுத் தைச்சுட்டிருந்த ஒரு அண்ணனுக்குப் பட்டி வேலை தெரியும்னு கண்டுபிடிச்சு நாலாவது மெஷின்ல உட்கார வச்சோம். ரெண்டு நாள் 580, 590 வந்தது. ஜன்னல் தெரிய ஆரம்பிச்சுது.

சனிக்கிழமை சம்பளம் போட்டாங்க. திங்கட்கிழமை காலர் வைக்கற ரெண்டு அக்காவுல ஒருத்தர் வரல. ரெண்டு பேரும் சேர்ந்து 640 வைப்பாங்க. மத்தியானத்துக்குள்ள காலர் மெஷின் பக்கத்துல குவிய ஆரம்பிச்சிருச்சு. மாமா என்னைப் பார்த்து "இப்ப சொல்லு"ங்கறார்.

ஊசிநூல்_ரிட்டையர்டு:

அந்த நாலாவது ஆளுக்குக் காலர் வருமான்னு கேளு. வரும்னா உடனே மாத்து, பட்டி இன்னிக்கு 450 ஓடட்டும், அது போதும். வராதுன்னா மத்தியான டீக்கு அப்புறம் ரெண்டு பேரைக் கூப்பிட்டு, அந்த ஒரு அக்காகிட்ட கத்துக்கச் சொல்லி பழைய கட்பீஸ்ல தைக்க விடு. அடுத்த திங்கட்கிழமையும் வரும்ல.