இரவிகுளம் தேசியப் பூங்கா: அம்மாவை எந்த மாதத்தில் அழைத்துச் செல்லலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு 68 வயதான என் தாயாரை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பூத்த நீலக்குறிஞ்சியையும் வரையாட்டையும் நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மூட்டுவலி இருப்பதால் ஏற்றத்தில் வெகுதூரம் நடக்க அவரால் இயலாது. எப்போது சென்றால் இரண்டையும் பார்க்கலாம், எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்பதைச் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

சோலைநிழல்:
நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. பூங்காவில் பார்வையாளர்கள் செல்லும் பகுதியான ராஜமலையின் சரிவுகளில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல் வர வேண்டும். பூத்து விதை உதிர்த்ததும் செடி பட்டுப்போய்விடும். அந்த விதைகளில் முளைத்தவை மறுபடியும் அத்தனை ஆண்டுகள் வளர்ந்து, ஒரே பருவத்தில் சேர்ந்து பூக்கின்றன. 'குறிஞ்சி பூத்துவிட்டது' என்று இடையிடையே செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பூக்கும் கணக்கு வேறு. நீலக்குறிஞ்சியே ஆனாலும் எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. 2022-இல் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் பூத்தபோது ராஜமலையில் பூவில்லை. ஆகவே செய்தியைப் பார்த்தவுடன் புறப்படாமல், எந்த மலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வரையாட்டுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. அவ்வினம் உலகிலேயே மிகுதியாக வாழும் இடம் இந்த 97 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலைக்காடும்தான்.

மழைமேகம்:
நடப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். சொந்த வண்டியை நுழைவாயிலோடு நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து வனத்துறைப் பேருந்து மேலே கொண்டு சேர்க்கும். அதன்பின் தார்ச்சாலையில் மெதுவான ஏற்றம். கடைசிவரை நடந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஏனென்றால் வரையாடுகள் பெரும்பாலும் சாலையோரத்துப் பாறைகளிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். என் மாமியார் பேருந்து நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்தபடியே, குட்டிகளோடு நின்ற ஒரு மந்தையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் போக வேண்டாம். வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் என்பதால் அப்போது பூங்காவை மூடிவிடுவார்கள். திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியும் எதிரிலிருக்கும் ஆனைமுடிச் சிகரத்தையே மறைத்துவிடும். செப்டம்பர் இறுதியில் சென்றால் புல் பசுமையாக இருக்கும், ஈரப்பாறைகளில் காட்டுக் காசித்தும்பைகளையும் காணலாம்.

ஒன்றை மட்டும் வேண்டிக் கேட்கிறேன். வரையாடு அஞ்சாமல் அருகில் வந்தாலும் தொடவோ தின்பண்டம் கொடுக்கவோ கூடாது. வேட்டைக்கு ஒதுக்கியிருந்த மலை 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவானது அதைக் காப்பதற்காகத்தான்.

வைகைக்கரை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 2030 என்றதும் அம்மா சற்று வாடிவிட்டார். வரையாட்டை இந்த ஆண்டே பார்க்கலாம் என்றபின் தெளிந்தார். செப்டம்பர் கடைசி வாரத்தில், போடிமெட்டு வழியாக வரலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

சோலைநிழல்:
நல்லது. முதல் நாளே மூணாறு வந்து தங்கி, காலை முதல் பேருந்துகளிலேயே மேலே சென்றுவிடுங்கள். பிற்பகலில் மேகம் இறங்கிவிடும். அம்மாவுக்குக் கம்பளிச் சால்வையும் ஊன்றுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.