தெருவில் பயமில்லாமல் நடக்க ஆள் நடமாட்டம் இருந்தால் போதுமா?

மாடவீதி:
வேலைக்குப் போய்வருவது சென்னையின் பறக்கும் ரயிலில். 1995-ல் கடற்கரை–சேப்பாக்கம் என்று தொடங்கி, 2007-ல் வேளச்சேரி வரை நீண்ட தடம். பெட்டியில் ஆள் இருக்கும், பயமில்லை. இறங்கிய பிறகுதான். மயிலாப்பூர் பக்கம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி எழுப்பிய ஸ்டேஷன்கள் கல்யாண மண்டபம் மாதிரி பெரிசு, ஆனால் கல்யாணம் நடக்காத மண்டபம். கூட இறங்கியவர்கள் ஆளுக்கொரு படிக்கட்டில் மறைந்துவிட்டால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும்.

வாசலில் ஒரு பூக்கார அக்கா உட்கார்ந்திருப்பார். “என்னம்மா, இன்னைக்கு லேட்டு?” என்பார். அந்தக் குரல் கேட்டால்தான் தோள் இறங்கும். மேலே கேமராவும் இருக்கிறது. அது ஏன் லேட்டு என்று கேட்பதில்லை. அக்கா வராத நாட்களில் ஆட்டோதான்.

பாரிமுனை:
எனக்கு நேர்மாறு. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் வேலை. கிழமை நாளில் தலை நிமிர்த்த நேரமிருக்காது. சரக்கு ஏற்றிவரும் மீன்பாடி வண்டிக்கு ஒதுங்குவதே பாடு. ஒரு ஞாயிறு போனேன். முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருந்தது. மாடிகளில் மரச்சன்னல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அரை நாள் சும்மாவே சுற்றினேன். (நான் ஆம்பளை என்பதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.)

மாம்பலம்வாசி:
கூட்டம் வேறு, ஆள் இருப்பது வேறு. ரங்கநாதன் தெருவில் பையை முன்பக்கம் அணைத்து, முழங்கையை வெளியே நீட்டித்தான் நடப்பேன். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி உட்கார இடம் போட்ட பிறகு அம்மாவும் கூட வருகிறார். நான் கடை ஏறி இறங்க, அவர் பக்கத்தில் இருக்கும் பாட்டியிடம் மருமகள் கதை கேட்கிறார்.

ஆனால் டீக்கடை வாசலில் பத்து ஆம்பளைங்க நின்றால் எதிர்ப்பக்கம் மாறிவிடுவேன். அங்கேயும் ஆள் இருக்கத்தானே செய்கிறது?

மாடவீதி:
@மாம்பலம்வாசி, அதே கதை இங்கேயும் இருந்தது தோழி. டீக்கடையை ஒட்டி ஓர் அம்மா இட்லி அடுப்பு வைத்த பிறகு பெண்களும் நின்று சாப்பிடுகிறோம். இப்போது டீயும் அங்கேயே. நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று அவ்வப்போது இட்லி அம்மா, பூக்கார அக்கா மாதிரி ஆட்களைத்தான் முதலில் எழுப்புகிறார்கள். தெருவோர வியாபாரிகளுக்கென 2014-லேயே சட்டம் வந்திருக்கிறது. உங்கள் ஏரியாவில் யாராவது அடையாள அட்டை வாங்கிக் கொடுத்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள், அக்காவுக்கு வேண்டும்.