சுவருக்குள் ஈரமா? தெர்மல் கேமரா பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி மூன்றாம் மாடி:
படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பி உரிந்து இரண்டு வருடம் ஆகிறது. சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவோடு வந்த தம்பி திரையைக் காட்டினார். சுவர் முழுக்க மஞ்சள், நடுவில் குளிர்ச்சியைக் காட்டும் கருநீலத் திட்டு. "சார், உள்ளே பைப் கசியுது" என்றார். இவ்வளவு நீலமாக இருந்தால் நம்பாமல் என்ன செய்வது? மறுநாள் கொத்தனார் உளி வைத்தார். கொட்டியது காய்ந்த செங்கல் பொடி. கையில் அள்ளிப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரமில்லை. பைப்பும் இல்லை. சரியாக அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் 'பீப்' என்று சத்தம். பக்கத்து வீட்டு ஏசி! அதன் காற்று நேராக அந்த நாலரை இஞ்ச் சுவரில்தான் அடிக்கிறதாம்.

கோவைக்காரன்:
எனக்கு நேர்மாறு. ஹால் சீலிங்கில் சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே மாடியை உடைப்பதாக இருந்தோம். கேமராக்காரர் பகலில் வர மாட்டேன் என்றார். இரவு எட்டரைக்கு ஏறினோம். வெயில் குடித்த தளம் ஆறிக்கொண்டிருக்க, ஒரு இடம் மட்டும் ஆறாமல் ஆரஞ்சாக நின்றது. ஈரம் என்றால் நீலம் என்று நினைத்திருந்தவன் முழித்தேன். தண்ணீர் சூட்டை லேசில் விடாதாம். தண்ணீர்த் தொட்டித் தூணின் அடியிலிருந்து நாக்கு மாதிரி நீண்டு வந்திருந்தது. சொட்டும் இடத்திலிருந்து பதினோரு அடி!

பழைய மேஸ்திரி மகன்:
வேளச்சேரி சார், கேமராவைத் திட்டாதீர்கள். அது ஈரத்தைப் பார்ப்பதே இல்லை. மேற்பரப்புச் சூட்டைத்தான் பார்க்கிறது. ஈரம் உலரும்போது சுவர் குளிரும், ஏசி பட்டாலும் குளிரும், திரையில் இரண்டும் ஒரே நீலம். முள் குத்திப் பார்க்கும் மாய்ஸ்சர் மீட்டரை வைக்காமல் உளியைத் தொட்டது தப்பு. இன்னொன்று, உங்கள் பெயின்ட் சும்மா உப்பவில்லை. 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரிச் சுவரைத் தொட்டாலே வியர்க்கும். சென்னையில் அது சாதாரணம். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போலத்தான். அந்த இடத்தில் பீரோ சாத்தி வைத்திருந்தால் நகர்த்துங்கள், காற்று ஓடட்டும். அதற்கு முன்னால் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் காசு தண்டம்.
என் கதை சின்னது. சமையலறையில் எவர்சில்வர் தகடு அடித்த சுவரில் சிவப்புத் திட்டு தெரிந்தது. கீசர் லைன் கசிவு என்று மனைவியைக் கூப்பிட்டேன். நான் நகர்ந்தேன், கசிவும் நகர்ந்தது. தகட்டில் பிரதிபலித்த என் உடம்புச் சூடு!

ஸ்காபரோ வாசி:
இங்கே கனடாவில், ஜனவரியில் மேல்மாடி அறையின் மூலையில் கறுப்புப் பூஞ்சை. கூரை ஒழுகுகிறது என்று ஆள் கூப்பிடப் போனோம். கேமராவில் அந்த மூலை மட்டும் குளிர்ந்து ஊதாவாகத் தெரிந்தது. கூரைக்குக் கீழே ஏறிப் பார்த்தால், குளிர் தாங்கப் போட்ட பஞ்சு அந்த இடத்தில் விலகிக் கிடந்தது. ஒழுக்கே இல்லை, அறைக் காற்றின் ஈரம்தான்.

வேளச்சேரி மூன்றாம் மாடி:
மேஸ்திரி மகன் சார், அங்கே பீரோதான் இருந்தது. எப்படிச் சொன்னீர்கள்? சரி, ஏசி இறக்கையைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் எப்படிப் பேச்செடுப்பது? சுவரை உடைத்த சத்தத்துக்கே அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.