டெலியாலஜிக்குத் தமிழில் என்ன சொல்வது? (அவசரம், வியாழன் அச்சு)

வாணியம்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போகிறேன். போன வருடம் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது ஒரு பையன், "சார், இத்தனை நட்சத்திரம் எதுக்கு சார்?" என்றான். அதையே வைத்து, கொடுக்கப்போகும் தாளில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். இயற்கையில் எல்லாம் ஏதோ ஒன்றுக்காகவே இருக்கிறது என்ற எண்ணத்துக்கு டெலியாலஜி என்று பெயராம். தமிழில் என்ன போடலாம்?

குடியாத்தத்திலிருந்து:
தம்பி, 'நோக்கியல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், கண் வைத்தியம் மாதிரி இருக்கும். 1728இல் ஜெர்மன் தத்துவவாதி கிறிஸ்டியன் வோல்ஃப் கட்டிய சொல் அது. கிரேக்கத்தில் டெலோஸ் என்றால் முடிவு, இலக்கு. நாம் 'முடிவியல்' என்றால் பிள்ளைகள் உலகம் அழியப்போகிறது என்று பயப்படுவார்கள். தொல்காப்பியர் தொழிலுக்கு வேண்டிய எட்டைச் சொல்லும்போது 'இன்னதற்கு', 'இது பயன்' என இரண்டைத் தனியாகவே வைத்திருக்கிறார். வான், பான், பாக்கு ஈற்று வினையெச்சங்களைப் பாருங்கள், 'உண்பான் வந்தான்' என்றால் வந்ததன் நோக்கம் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. நான்காம் வேற்றுமைச் சொல்லுருபு 'பொருட்டு'. எனவே 'பொருட்டியல்'.

காட்பாடியிலிருந்து:
ஐயா, 'என்னை ஒரு பொருட்டாவே மதிக்கல' என்பதுதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். அப்புறம் இயல் என்று முடித்தால் வேதியியல் போல நிலைத்த துறை ஆகிவிடும், இதுவோ இன்னும் வாதத்தில் இருக்கும் கருத்து. கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் இருப்பான், உயிர்களும் அப்படியே என்று 1802இல் ஆங்கிலப் பாதிரியார் பேலி எழுதினார். 1859இல் டார்வின் வந்த பிறகு, சிறகு பறப்பதற்காக வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை, பறக்க உதவியதால் நிலைத்தது என்றால் போதும். 'நோக்கக் கொள்கை' போடுங்கள், அகராதி வேண்டாம். கூடவே ஒரு தொல்லை: திட்டமிட்டவர் இல்லாமலே இலக்கோடு நடப்பது போலிருக்கும் உயிர்ச்செயலுக்கு 1958இல் உயிரியலாளர் பிட்டென்ட்ரி 'டெலியானமி' என்று வேறு சொல் வைத்தார். அதற்கும் ஒன்று வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து:
சைவ சித்தாந்தத்தை மறந்துவிட்டீர்களே. கரிகிரி ஊர்ப் பானைக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். 'காரணம்' வடமொழி என்று குடியாத்தம் ஐயா இப்போது வருவார்.

குடியாத்தத்திலிருந்து:
வந்துவிட்டேன். குயவரோடு நின்றுவிட்டீர்கள், பானை எதற்கு? தண்ணீர் வைக்க. அரிஸ்டாட்டில் சொன்ன நான்கு காரணங்களில் நான்காவது, 'எதற்காக' என்பது, அதுதான். சித்தாந்தத்திலும் உயிர்களின் மலம், அதாவது ஆணவம் முதலான அழுக்கு, நீங்கத்தான் படைப்பு.

வாணியம்பாடியிலிருந்து:
ஒரு சந்தேகம். நம் ஊர்ப்பக்கம் 'எதுக்குக் காய்ச்சல் வந்துச்சு' என்றுதான் கேட்கிறோம், காய்ச்சலுக்கு நோக்கம் உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் பையன் கேட்டது எதற்கு என்றா, எதனால் என்றா? எனக்கே குழம்பிவிட்டது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தாயிற்று. 'நோக்கக் கொள்கை' என்றே கொடுத்துவிட்டேன், மன்னிக்கவும்.

குடியாத்தத்திலிருந்து:
சரி, போகட்டும். ஆனால் நோக்கம் என்றால் நோக்குகிறவர் ஒருவர் வேண்டும், பொருட்டு என்றால் வேண்டாம். அவர் இருக்கிறாரா என்பதுதானே கேள்வி? சொல்லிலேயே ஆளை உட்காரவைத்துவிட்டீர்கள். என் மறுப்பு இருக்கட்டும். காட்பாடி அம்மா, அந்த டெலியானமிக்காவது பொருட்டு ஆகுமா, பாருங்கள்.