கணவருக்குச் சட்டை எடுப்பது யார்? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பவானிக்கரை:
போன ஆடியில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கு எடுத்து முடித்துவிட்டு ஆண்கள் பிரிவுக்கு ஏறினோம். கல்யாணமாகி 17 வருடம், என் சட்டை எல்லாம் என் மனைவி எடுத்ததுதான். அன்றைக்கும் மாம்பழக் கலரில் ஒரு முழுக்கைச் சட்டையைப் பிரித்து என் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். "அக்கா எடுத்தது உங்களுக்கு நல்லா இருக்குங்க சார்" என்றான் கடைப் பையன். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் குடும்பத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன ஆனதோ, "நான் என்ன கடைப் பொம்மையா? எனக்கு வேணுங்கறத எனக்கு எடுக்கத் தெரியும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. சட்டையை மேசைமேல் கவிழ்த்துப் போட்டாள். காலருக்குள் அட்டையைச் செருகி, முதுகு அட்டையை வைத்து, கை இரண்டையும் பின்னால் மடித்து, பிரித்தபோது எடுத்து வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் குத்தினாள். "விடுங்கக்கா, நான் மடிச்சுக்கறேன்" என்று பையன் இரண்டு தடவை சொன்னான். அவள் நிறுத்தவில்லை. உறைக்குள் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

தீபாவளிக்கு 3,000 ரூபாயை என்னிடம் கொடுத்து, "உங்களுக்கு வேணுங்கறத நீங்களே எடுத்துக்கங்க" என்றாள். கோபம் தெரியவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. மனைவி நமக்குத் துணி எடுக்க விடலாமா, கூடாதா? உங்கள் அனுபவம் என்ன?

நூல்கண்டு:
"விடலாமா" என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது, அண்ணா. யாருக்கு யார் அனுமதி கொடுப்பது? 14 வருடமாக என் வீட்டுக்காரருக்கு நான்தான் எடுக்கிறேன். பனியன், அரைக்கால் சட்டை எல்லாம் திருப்பூர் காதர்பேட்டையில், ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய் எடுப்பேன். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கில் ஓட்டை இருக்கும், ஒரு கை நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வேட்டிக்குத் தீபாவளி நேரம், கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி ஓடும்போது போவேன். இதெல்லாம் வேலை இல்லையா?

போன வருடம் அவர் தங்கை மகன் காதுகுத்தில் ஒருவர் அவர் சட்டையைப் பார்த்து, "எங்கே மாப்ளே எடுத்தே?" என்று கேட்டார். நான் இரண்டு அடி தள்ளிப் பந்தியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். "நானே எடுத்தது" என்றார் இவர். அந்த மூன்று மணி நேரமும் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஏன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பொன்மலை:
எனக்கு வேறு வழியே கிடையாது. சிவப்பு-பச்சை நிறக்குருடு. ரயில்வே வேலைக்கு மருத்துவப் பரிசோதனையில்தான் தெரிந்தது. புள்ளி புள்ளியாக இருக்கும் இஷிஹாரா அட்டையில் மற்றவர்கள் எண்ணை மடமடவென்று சொன்னார்கள், எனக்கு வெறும் புள்ளிதான் தெரிந்தது. அம்மா வழியில் வருவது, ஆண்களுக்குத்தான் அதிகம் என்று டாக்டர் சொன்னார். அந்த வேலை போயிற்று. அது வேறு கதை.

என் மனைவி தலைப் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். என் கூட்டாளியின் அப்பா தவறிவிட்டார் என்று அதிகாலையில் போன். பீரோவில் பழுப்புச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன். பந்தலுக்குள் நுழைந்ததும் பறை அடித்தவர் கூட ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். ஒரு பெரியவர் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்து, "தம்பி, இழவு வீட்டுக்கா செக்கச் செவேல்னு போட்டுட்டு வருவே?" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு துண்டு வாங்கிப் போர்த்திக்கொண்டு கடைசிவரை நின்றேன். கூட்டாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் யாரிடம் போய் விளக்கம் சொல்ல?

குழந்தையோடு திரும்பி வந்த வாரமே அவள் என் சட்டை எல்லாவற்றையும் எடுத்துக் காலரின் உள்பக்கம் வெள்ளை நூலில் தையல் போட்டாள். ஒரு தையல் என்றால் கறுப்புப் பேண்ட், இரண்டு என்றால் நீலம், மூன்று என்றால் எதற்கும் போடலாம். சிவப்புச் சட்டையில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. அதைத் துக்கத்துக்குப் போடக் கூடாது. இப்போதும் விரலால் தடவிப் பார்த்துத்தான் சட்டை எடுக்கிறேன்.

பவானிக்கரை சார், ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அந்தச் சட்டை பிடிக்கவில்லையா, அவர் எடுத்தது பிடிக்கவில்லையா?

கட்டிங் மாஸ்டர்:
மதுரை புது மண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து தைக்கிறேன். ஒரு பெண் அளவுச் சட்டை கொண்டு வந்தது. கணவர் சவுதியில், இரண்டு வருடம் கழித்து வருகிறார், வந்ததும் போட இரண்டு சட்டை வேண்டும் என்றது. அளவுச் சட்டைப்படியே அட்சரம் பிசகாமல் தைத்தேன். பத்து நாள் கழித்து இரண்டு சட்டையோடும் திரும்பி வந்தது. தோள் இரண்டு இஞ்ச் கீழே இறங்குகிறதாம். மனிதர் அங்கே அப்படி இளைத்திருக்கிறார். "போன்ல முகம் மட்டுந்தானண்ணே தெரிஞ்சுச்சு" என்றது. காசு வாங்காமல் பிடித்துக் கொடுத்தேன். அந்தச் சொல் மட்டும் அப்படியே நிற்கிறது.

நூல்கண்டு சகோதரி சொல்கிற அனுமதிப் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். பாதி வீட்டில் சண்டை அளவால்தான் வருகிறது. சட்டையில் 40 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உடம்பின் நெஞ்சளவு. சட்டையை விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்தால் 22 இஞ்ச் வரும், சுற்றளவு 44. அந்த நாலு இஞ்ச் லூஸ் இருந்தால்தான் கையைத் தூக்க முடியும். இப்போது வருகிற ஸ்லிம் ஃபிட்டில் அதே 40க்கு அவ்வளவு லூஸ் இருப்பதில்லை. அதனால் நம்பரைப் பார்த்து எடுக்காதீர்கள். அவருக்கு நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றை விரித்து அக்குள், தோள், கை நீளம், காலர் நான்கையும் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது இஞ்ச் டேப்பைக் கையோடு கொண்டு போங்கள். தோள் தையல் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். காலர் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். நீளம் கூடினால் வெட்டிக் கொடுப்போம், உடம்பு லூஸ் என்றால் பிடித்துக் கொடுப்போம், ரெடிமேடில் தோள் இறங்கினால் அது பெரிய வேலை, கையையே பிரிக்க வேண்டும். துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால் முழுக்கைக்கு 58 இஞ்ச் அகலத்தில் 1.60 மீட்டர், 36 இஞ்ச் அகலம் என்றால் 2.25 மீட்டர். வயிறு இருந்தால் கொஞ்சம் சேர்த்து எடுங்கள். காட்டன் என்றால் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். சுருங்குவது அங்கேயே சுருங்கிவிடும். இதை யாரும் செய்வதில்லை, பிறகு டெய்லரைக் குறை சொல்கிறார்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், பில் இல்லாமல் மாற்றித் தர மாட்டார்கள்.

மேலவீதி:
மாஸ்டர் அண்ணா, நீங்கள் சொன்னது உபயோகமான விஷயம்தான், ஆனால் இங்கே யாரும் அளவு கேட்கவில்லை. பவானிக்கரை கேட்டது வேறு. நான் அவர் பக்கம்.

என் அப்பா போன பிறகு அவர் சட்டை ஒன்றை வைத்திருந்தேன். வெள்ளை அரைக்கை, பாக்கெட்டில் மைக்கறை. போட மாட்டேன், பீரோ அடித்தட்டில் இருக்கும். எனக்கு எடுப்பது, பழையதைக் கழிப்பது எல்லாம் மனைவி பொறுப்பு என்று நானே விட்டிருந்தேன். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் அடுப்படி மேடையில் புது எவர்சில்வர் தூக்கு. "பழைய துணிக்குப் பாத்திரக்காரம்மா கொடுத்துச்சு, ஏழு உருப்படிக்கு" என்று சந்தோஷமாகக் காட்டினாள். நான் பீரோவைத் திறந்து பார்த்தேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நாலு தெரு சுற்றினேன், பாத்திரக்காரம்மா போய்விட்டிருந்தார்.

அவளுக்குத் தெரியாதுதான். நானும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் துணியை நானே பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தூக்கில்தான் தினமும் தயிர் உறை ஊற்றுகிறாள்.

நூல்கண்டு:
மேலவீதி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் சட்டை எடுப்பதும் அப்பா சட்டை போனதும் ஒன்றாகாது. "இதை மட்டும் தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார். நீங்கள் சொல்லாததற்கு அவர் ஏன் பொறுப்பு? இன்றைக்காவது அவரிடம் சொன்னீர்களா? தூக்கைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரியுமா?

மேலவீதி:
சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் நீங்கள் காதுகுத்து விஷயத்தைச் சொன்னீர்களா?

பொன்மலை:
சண்டை வேண்டாம். பவானிக்கரை சார் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

பவானிக்கரை:
எல்லாவற்றையும் படித்தேன். நூல்கண்டு, "விடலாமா" என்று எழுதியது தப்புதான். காதர்பேட்டையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பதை நீங்கள் சொன்னபோது அவள் கையில் அந்தச் சட்டை இருந்ததுதான் ஞாபகம் வந்தது. என்னிடம் காட்டும் முன் அக்குள் தையலை இழுத்துப் பார்த்தாள், பட்டனை எண்ணினாள், துணியைக் கசக்கிப் பார்த்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்மலை சார், நீங்கள் கேட்டதற்கு நேற்று ராத்திரி முழுக்கப் பதில் தேடினேன். அவள் எடுத்தது எனக்குப் பிரச்சினை இல்லை. கூட வேலை பார்ப்பவர் முன்னால், சின்னப் பிள்ளைக்கு வைத்துப் பார்ப்பது போல நெஞ்சில் வைத்ததும் கூசிவிட்டது, அவ்வளவுதான். சட்டை பிடித்திருந்தது. பார்த்தவுடனே பிடித்திருந்தது.

தீபாவளிக்குக் கொடுத்த 3,000 ரூபாய் பர்ஸில் அப்படியே இருக்கிறது. இன்னும் எதுவும் எடுக்கவில்லை.