பென்ஷன் பணம் பத்திரமா? தொழிலாளர்கள் சொல்லும் அனுபவங்கள்

கோவை, ஸ்பின்னிங் மில்லில் ஓய்வு பெற்றவர்:

2012-ல் ரிட்டயர் ஆனேன். கைக்கு வரும் பென்ஷன் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. அன்று வந்த தொகைதான் இன்றும் வருகிறது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உயர்வு என்று செய்தி வந்தால் நான் டிவியை அணைத்துவிடுவேன்.

எங்கள் மில்லில் இரண்டு பிடித்தம். ஒன்று பி.எஃப்., பென்ஷனும் அதோடு சேர்ந்ததுதான். இன்னொன்று சங்கத்தின் ஓய்வு நிதி. சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே மடக்கு மேஜை போட்டு, நீள ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் உட்கார்ந்திருப்பார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தலையில் பஞ்சோடு வரிசையில் நின்று கட்டிவிட்டுப் போவோம். யாராவது ரிட்டயர் ஆனால் எல்லோரும் கட்டிய பணத்திலிருந்து அவருக்கு ஒரு தொகை. ஆள் நிறைய இருந்த காலத்தில் இது கல்யாண மொய் மாதிரி ஓடியது. பெண் கல்யாணத்தை அந்தப் பணத்தில் முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் மில் நிரந்தர ஆள் எடுப்பதை நிறுத்தியது. ரிட்டயர் ஆனவர் இடத்துக்குக் கான்ட்ராக்ட் ஆள் வந்தார், ஹாஸ்டல் பெண்கள் வந்தார்கள். அவர்கள் சங்கத்திலேயே கிடையாது, நிதி எங்கே கட்டுவார்கள்? வாங்குகிற கை கூடிக்கொண்டே போனது, கொடுக்கிற கை குறைந்துகொண்டே வந்தது. முதலில் தொகையைப் பாதியாக்கினார்கள். பிறகு தவணை. பிறகு, "அடுத்த பொதுக்குழுவில் பேசலாம் தோழர்."

சங்கக் கணக்கை உறுப்பினர் பார்க்கலாம் என்று 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலேயே இருந்தது. நாங்கள் சிலர் போய்க் கேட்டோம். மறைக்காமல் எடுத்து வைத்தார்கள். கணக்கு சுத்தம். பணம்தான் இல்லை. பொருளாளர் கடைசி வரை பழைய மொபெட்டில்தான் வந்துகொண்டிருந்தார். திருட்டு என்றால் போலீசுக்குப் போகலாம், இதற்கு எங்கே போவது?

திருப்பூர், ஓவர்லாக் டெய்லர்:

அண்ணா, உங்களுக்காவது ரசீது கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்தபோது சம்பளச் சீட்டில் பி.எஃப். மாதா மாதம் பிடித்தார்கள். போனில் பாஸ்புக்கைத் திறந்தால் ஏழெட்டு மாதமாக ஒன்றுமே ஏறவில்லை. சூப்பர்வைசரைக் கேட்டால் "சர்வர் பிராப்ளம்மா" என்றார். சர்வர் எங்கள் கம்பெனிக்கு மட்டும் படுத்துக் கிடந்தது போல.

சங்கத்து அண்ணன் ஒருவர்தான் எங்கள் எல்லோருடைய சம்பளச் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரே மனுவாக எழுதிக் கொடுத்தார். நாங்கள் தனித்தனியாகப் போயிருந்தால் அடுத்த நாளே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். விசாரணை வந்தது, கொஞ்ச மாதத்துப் பணம் ஏறியது. மீதி ஏறுவதற்குள் கம்பெனி பெயர்ப் போர்டை மாற்றிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பக்கத்து மெஷினில் தைத்த அக்கா ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார். புரோக்கர் ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பான். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். எடுத்தால் அதுவரை செய்த சர்வீஸ் போச்சு, மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டும். எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால் பழைய சர்வீஸ் கூடவே வரும். இதை எந்தக் கம்பெனி ஆபீஸிலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த அக்காவுக்கு வயது ஐம்பத்தைந்து. ஊசி கோர்க்கக் கண் தெரியவில்லை, இன்னும் தைக்கிறார்.

ஓசூர், எஞ்சினியரிங் தொழிற்சாலை, பி.எஃப். டிரஸ்டில் தொழிலாளர் பிரதிநிதி:

சில பெரிய கம்பெனிகள் பி.எஃப். பணத்தை அரசு அலுவலகத்துக்குக் கட்டாமல் தாங்களே டிரஸ்ட் வைத்து நடத்த அனுமதி வாங்கியிருக்கும். எங்களுடையது அப்படி. டிரஸ்டில் நிர்வாகத்துக்கு எத்தனை பேரோ தொழிலாளர் பக்கமும் அத்தனை பேர். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் பென்ஷன் பங்கான 8.33 சதவீதம் மட்டும் அரசுக்கே போய்விடும், அதில் டிரஸ்ட் கை வைக்க முடியாது.

நான் முதல் கூட்டத்துக்குப் போனபோது ஏ.சி. அறை, கண்ணாடி டம்ளர், முந்திரி பிஸ்கட். தீர்மானம் முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் சீனியர் தோழர் பேனாவைத் திறந்து தயாராக இருந்தார். போனஸ் பேச்சுவார்த்தையில் மேஜையைத் தட்டுகிற மனிதர், இங்கே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தவர் போல அடக்கமாக இருந்தார். எனக்கு அதுதான் உறுத்தியது. முதலீட்டுப் பட்டியலை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். பாதிக்குப் பக்கமாக அரசுப் பத்திரம், சரி. மீதியில் நான் கேள்விப்படாத நிதி நிறுவனங்கள். யார் இவர்கள் என்று கேட்டால் ஒரே பதில், "டிரிபிள் ஏ ரேட்டிங் சார்", அதாவது கடனைத் திருப்பித் தருவதில் முதல் தரம்.

2018-ல் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனத்தின் கதை வந்தது. ஆகஸ்டு வரை அதுவும் டிரிபிள் ஏதான். செப்டம்பரில் கடனைக் கட்ட முடியாத நிறுவனம் என்று தரம் கீழே விழுந்தது. நாடு முழுக்க எத்தனையோ பி.எஃப். டிரஸ்டுகளின் பணம் அதில் மாட்டியது. அடுத்த வருஷம் உத்தரப் பிரதேச மின்வாரியம். ஊழியர்களின் சேமநிதியில் 2,200 கோடிக்கு மேல் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தில் மாட்டியது. சங்கங்கள் போராட்டத்தில் இறங்கிய பிறகுதான் அந்தப் பணத்துக்கு மாநில அரசு பொறுப்பேற்றது.

எங்கள் பட்டியலில் இருந்த ஒரு கம்பெனியின் கடன் பத்திரமும் அந்தச் சமயம் வட்டி கட்டாமல் நின்றது. பெரிய தொகை இல்லை. ஆனால் செய்தி கேன்டீனுக்கு வந்ததும் சாம்பார் வாளியைச் சுற்றி ஒரே கூட்டம், "நம்ம பணம் போச்சாமே." போகவில்லை. டிரஸ்ட் நடத்த அனுமதி கொடுக்கும்போதே, நஷ்டம் வந்தால் கம்பெனி ஈடுகட்ட வேண்டும், அரசு அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. அந்த அனுமதிக் காகிதத்தைத் தேடி எடுத்து, அந்தப் பாராவைப் பெரிய எழுத்தில் தமிழில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். நிர்வாகம் முனகிக்கொண்டே கட்டியது. கம்பெனியே மூழ்கினால் என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டிரஸ்டைவிட அரசு அலுவலகமே மேல் என்று எங்களில் பாதிப் பேர் இப்போதும் சொல்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான்.

கோவை, மில் ஓய்வு பெற்றவர்:

அரசு அலுவலகம் மேல்தான் தோழர், பணம் ஓடிப்போகாது. ஆனால் விதி ஓடுகிறதே. 1995 நவம்பரில் இந்தப் பென்ஷன் வந்தபோது ஒரு பகுதியை முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2008-ல் அதை எடுத்துவிட்டார்கள். பென்ஷன் கணக்குக்குக் கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரி என்றது, 2014-ல் 60 மாதம் ஆனது. அதே வருஷம் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பை 6,500-லிருந்து 15,000 ஆக்கினார்கள், நான் அதற்கு முன்பே வெளியே வந்தவன். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 என்றார்கள், அதற்கு மேல் வாங்குகிற எனக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததும் கூடுதல் பென்ஷன் கிடைக்கும் என்று டீக்கடையில் எல்லோரும் கணக்குப் போட்டோம். 2014 செப்டம்பருக்கு முன்பே ஓய்வு பெற்று, உச்சவரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கும் கட்ட விருப்பம் எழுதிக் கொடுக்காதவர்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே இருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீயைக் குடித்தோம்.

அமெரிக்கா, ஒஹாயோ, கிடங்கு ஊழியர்:

இங்கே கம்பெனிகளோடு சங்கமும் சேர்ந்து நடத்தும் பென்ஷன் நிதிகள் உண்டு. எங்கள் கிடங்குக்கு வரும் லாரி ஓட்டுநர்களில் வயதானவர்கள் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் நிதியைப் பற்றி இன்றும் பேசுவார்கள். கோவைக்காரர் சொன்ன கதைதான், தொகை மட்டும் பல மடங்கு. 1980-க்குப் பிறகு லாரி கம்பெனிகள் வரிசையாக மூடின, கட்டுகிறவர் குறைந்து வாங்குகிறவர் பெருகினர். யு.பி.எஸ். நிறுவனம் 2007-ல் 610 கோடி டாலரைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது. 2015-ல், ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் பென்ஷனையே வெட்டப் போகிறோம் என்று வீட்டுக்குக் கடிதம் போனது. ஒரு பெரியவர் தன் கடிதத்தை இன்னும் லாரி டேஷ்போர்டில் வைத்திருக்கிறார். பாதிக்குப் பாதி வெட்டு.

ஓய்வு பெற்றவர்கள் ஊர் ஊராகக் கமிட்டி அமைத்து வாஷிங்டன் போய் நின்றார்கள். 2016 மே மாதம் நிதித்துறை அந்த வெட்டை நிராகரித்தது. 2021-ல் வந்த கொரோனா நிவாரணச் சட்டத்தில் இதற்கும் வழி செய்து, 2022 டிசம்பரில் சுமார் 3,600 கோடி டாலர் அரசுப் பணம் அறிவிக்கப்பட்டது. கடனில்லை, திருப்பித் தர வேண்டாம். எல்லா நிதிக்கும் இப்படி ஒரு அரசு வந்து நிற்குமா என்று அந்தப் பெரியவரே கேட்பார், அவருக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

திருப்பூர், ஓவர்லாக் டெய்லர்:

ஓசூர் அண்ணா, இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். பென்ஷன் பங்கு சரியாக ஏறுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

ஓசூர், டிரஸ்ட் பிரதிநிதி:

பாஸ்புக்கில் மூன்று கட்டம் இருக்கும் தங்கச்சி. உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, கடைசியில் பென்ஷன். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 15,000-க்கு மேல் என்றால் கடைசிக் கட்டத்தில் மாதம் 1,250 இருக்க வேண்டும். குறைவு என்றால் சம்பளத்தில் 8.33 சதவீதம். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும், பாஸ்புக்கில் ஏறச் சில நாள் கூடலாம். ஆதாரில் இருக்கும் பெயரும் இனிஷியலும் அதில் அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிட்டயர் ஆகும்போது பாதிப் பேர் அந்த ஓர் எழுத்தில்தான் அலைகிறார்கள்.

திருப்பூர், ஓவர்லாக் டெய்லர்:

பார்த்தேன் அண்ணா. பெயர் சரியாக இருக்கிறது. ஏப்ரல், மே ஏறியிருக்கிறது, ஜூன் காணோம், இன்றைக்கு ஜூலை 28. நாளைக்கு லைனில் மற்றவர்களையும் பார்க்கச் சொல்லிவிட்டு, சேர்ந்தே ஆபீஸில் போய்க் கேட்கிறோம்.